லோயர் கேம்ப் ஏற்றத்தில் இழுக்காத கார்

கேள்வி: தேனி மாவட்டம் கூடலூரில் குடியிருக்கிறேன். வண்டிப்பெரியாறில் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் ஆசிரியை. போன ஓணம் முடிந்ததும் கட்டப்பனையில் ஒரு கார் கன்சல்டிங்கில் பழைய பெட்ரோல் கார் வாங்கினேன். 2017 டிசம்பர் மாடல், கேரளப் பதிவு, 92,000 கிலோமீட்டர் ஓடியது. இரண்டு மாதமாக எஞ்சின் விளக்கு எரிகிறது. அழித்தால் ஒரு வாரத்தில் திரும்ப வருகிறது. குமுளி மலையடிவாரத்தில் இருக்கும் லோயர் கேம்ப் தாண்டி ஏறும்போது மூன்றாவது கியரில் இழுப்பதே இல்லை. வண்டியை நிறுத்தியதும் அழுகிய முட்டை வாடை. ஸ்டார்ட் செய்தால் அடியில் கல் உருள்வதுபோல் சத்தம். ஸ்கேன் செய்ததில் பி0420, பி0302 என்று இரண்டு கோடு (கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண்). புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டதாம். கம்பெனி சர்வீஸில் 48,000 ரூபாய் கேட்கிறார்கள். குமுளியில் ஒரு பட்டறையில் எல்லா வண்டிக்கும் பொருந்துகிற ஒன்றை 14,000 ரூபாய்க்கு மாட்டித் தருகிறேன் என்கிறார்கள். உறவினர் ஒருவர், உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டால் 3,000 ரூபாயோடு முடிந்துவிடும், வண்டியும் நன்றாக இழுக்கும் என்கிறார். எது சரி? மாதம் அரை லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருப்பதும் இதனால்தானா?

பதில்: வணக்கம் டீச்சர். மூன்று பேரும் கன்வெர்ட்டரை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்களை யாரும் கையில் எடுக்கவில்லை. ஒன்று, அந்த பி0302. இன்னொன்று, மாதா மாதம் ஊற்றுகிற அரை லிட்டர் ஆயில். கன்வெர்ட்டரால் ஆயில் குறையாது. ஆயில் எரிவதால் கன்வெர்ட்டர் கெடும். உங்கள் வண்டியில் கன்வெர்ட்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம்தான். ஆனால் அதைக் கெடுத்த கோளாறு இன்னும் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தொடாமல் 48,000 கொடுத்துப் புதியதை மாட்டினால், அதற்கும் இதே கதிதான். எனவே இப்போதைக்கு மூன்று பேருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

எஞ்சினை விட்டு வரும் புகைக்குழாயில், சைலன்சருக்கு முன்னால் இருக்கும் எஃகு டப்பாதான் கன்வெர்ட்டர். உள்ளே பீங்கான் கட்டி ஒன்று, அதில் சதுர அங்குலத்துக்கு 400 என்ற கணக்கில் நுண்ணிய துளைகள். துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்களை மெல்லிசாகப் பூசியிருப்பார்கள். விலை ஏறுவதற்குக் காரணம் அதுதான். ஏறக்குறைய 300 டிகிரி சூடானதும் இந்தப் பூச்சு வேலையைத் தொடங்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் அதிகத் தீங்கில்லாத வாயுக்களாக மாற்றி வெளியே விடும்.

இந்த டப்பாவுக்கு இரண்டு விதமான நோய் வரும். பூச்சு செத்துப்போய் வேலை செய்யாமல் இருப்பது ஒன்று. கட்டி உருகியோ நொறுங்கியோ புகை போகிற வழியை அடைத்துக்கொள்வது இன்னொன்று. பி0420 என்பது முதல் நோயை மட்டும் சொல்கிற கோடு. பூச்சு செத்த கன்வெர்ட்டரோடு வண்டி மலை ஏறும். ஓட்டுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. ஏற்றத்தில் இழுக்காமல் போவது இரண்டாவது நோயால் இருக்கலாம், அல்லது கன்வெர்ட்டருக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு சிலிண்டர் சரியாக எரியாததாலும் இருக்கலாம். பி0302 சொல்வது இதைத்தான்: இரண்டாவது சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விடுகிறது. நான்கு சிலிண்டரில் ஒன்று விட்டுவிட்டு வேலை செய்தால் லோயர் கேம்ப் ஏற்றத்தில் எந்தக் காரும் திணறத்தான் செய்யும்.

ஒரு சிலிண்டர் எரியாமல் விடும்போது அதில் போன பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள் வந்து, அங்கே இருக்கும் சூட்டில் பற்றிக்கொள்கிறது. கட்டியின் சூடு 1,000 டிகிரியைத் தாண்டும். பூச்சு தன் சக்தியை இழக்கும். மேலும் ஏறி 1,400 டிகிரியைக் கடந்தால் பீங்கானே உருகி வழிந்துவிடும். எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் பட்டறைக்குப் போக நாள் இருக்கிறது என்று அர்த்தம். விட்டுவிட்டு மின்னினால் அந்த நேரத்திலேயே கன்வெர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது. மலைப்பாதையில் மின்ன ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஒதுங்க இடம் கிடைத்ததும் நிறுத்திவிடுங்கள். முதல் மணிக்குப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அழுத்தி ஏற்றாதீர்கள்.

பி0302-க்குச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (பிளக்குக்கு மின்பொறி கொடுப்பது) கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதன் காயிலை இரண்டாவதில் மாட்டச் சொல்லுங்கள். பழைய கோடு எண்ணை அழித்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். பி0303 என்று வந்தால் காயில்தான் கோளாறு. கன்வெர்ட்டர் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைச் செலவு. மறுபடியும் பி0302-தான் என்றால் அதேபோல் பிளக்கை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அதே கோடு வந்தால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரையும், உள்ளே உண்டாகும் அழுத்தமான கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது. பிளக் உட்காரும் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் மேலே இருக்கும் கவரின் கேஸ்கெட் (மூட்டில் கசியாமல் வைக்கும் அடைப்பு) கசிகிறது என்று அர்த்தம். காயிலைக் கெடுத்ததும் அந்த ஆயிலாகவே இருக்கலாம். பிளக்கின் நுனியில் ஆயில் பிசுக்கோ வெள்ளைச் சாம்பலோ படிந்திருந்தால் ஆயில் சிலிண்டருக்குள்ளேயே எரிகிறது.

ஆயில் எரிகிறதா என்று பார்க்க உங்கள் ஊர்ச் சாலையைவிட நல்ல சோதனைக்கூடம் கிடைக்காது. மாலையில் குமுளியிலிருந்து இறங்கும்போது இரண்டாவது கியரில் விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் பிடியிலேயே இறங்குங்கள். லோயர் கேம்ப் வந்து சமதளம் தொட்டதும் ஆக்சிலரேட்டரை நன்றாக மிதியுங்கள். பின்னால் வருகிற ஒருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு நொடியில் குபீரென்று நீலப் புகை வந்து பிறகு தெளிந்துவிட்டால், வால்வு சீல்கள் இறுகிப்போய்விட்டன. நீண்ட இறக்கத்தில் எஞ்சினுக்குள் உறிஞ்சும் இழுப்பு அதிகமாக இருக்கும். அது வால்வு தண்டு வழியாக ஆயிலை உள்ளே இழுத்துவிடும். ஏறும்போதும் சமதளத்திலும் விடாமல் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் சோதனையில் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டதும் அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இதற்கெல்லாம் முன்னால் பி.சி.வி. வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினின் உள்காற்றை வெளியேற்றும் சின்ன வால்வு அது. ஒட்டிக்கொண்டால் ஆயில் குறையும். மாற்ற அதிகச் செலவாகாது.

எஞ்சின் ஆயிலில் பாஸ்பரஸும் துத்தநாகமும் கலந்திருக்கும். உலோகங்கள் உரசித் தேயாமல் இருக்க அவை வேண்டும். எரிந்து கன்வெர்ட்டருக்குப் போனால் அதே பொருட்கள் பூச்சின் மேல் படிந்து மூடிவிடும். படிந்ததை நீக்க வழி கிடையாது. டேங்கில் ஊற்றினால் கன்வெர்ட்டர் சுத்தமாகிவிடும் என்று விற்கிற மருந்து கரியைக் கொஞ்சம் எரிக்கலாம். பாஸ்பரஸ் படிவையும் உருகிய பீங்கானையும் அது ஒன்றும் செய்யாது. வாங்க வேண்டாம்.

இடையில் ஒன்று. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிற பழக்கம் நம் பக்கம் நிறைய. ஜீப் காலத்தில் வந்தது. இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இறங்கினால் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் செலவாகும். பிரேக்கும் சூடேறிப் போகும்.

இனி கன்வெர்ட்டரைச் சோதிப்பது. முதலில் புகை டெஸ்ட் எடுக்கும் இடத்துக்குப் போங்கள். சான்றிதழோடு நின்றுவிடாமல் அதில் அச்சாகும் எண்களைப் பாருங்கள். உங்கள் வண்டி பி.எஸ்.4, அதாவது பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதிக்கு உட்பட்டது. ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) 200 பி.பி.எம்.-க்குள் (பத்து லட்சத்தில் 200 பங்கு) இருக்க வேண்டும் என்பது சட்ட அளவு. 2,500 ஆர்.பி.எம். சுற்றில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள், காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தைச் சொல்லும் லாம்டா எண் 0.97-க்கும் 1.03-க்கும் இடையில். லாம்டா 0.97-க்குக் கீழே போயிருந்தால் எஞ்சின் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கிறது; முட்டை வாடைக்கும் அது பொருந்தும். பெட்ரோலில் உள்ள கந்தகம்தான் அந்த வாடையாக மாறுகிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வருகிற பெட்ரோலில் கந்தகம் 10 பி.பி.எம்.-க்கு மேல் இல்லை. அப்படியிருந்தும் வாடை பலமாக வருகிறது என்றால் பெட்ரோல் கலவையைப் பார்த்தே ஆக வேண்டும். அதே வாடை பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஆனாலும் வரும். பானட்டைத் திறந்தால் வாடை அதிகமாகிறதா, பின்னால் சைலன்சர் பக்கம் அதிகமா என்று நீங்களே முகர்ந்து பார்த்துவிடலாம். பானட் பக்கம் என்றால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து சென்சார். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு ஆக்சிஜன் சென்சார் இருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஸ்கேனரில் இரண்டின் வரைபடத்தையும் சேர்த்து ஓடவிட்டால், சாதாரண வகை சென்சார் உள்ள வண்டியில் முன்னது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பின்னது 0.6, 0.7 என்று அசையாமல் நிற்க வேண்டும். பின்னதும் முன்னதுபோலவே ஆடினால் பூச்சு செத்துவிட்டது. ஆனால் இந்த முடிவுக்கு வரும் முன் புகைக்குழாயின் மூட்டுகளில் எங்காவது காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மூட்டு வழியாக வெளிக்காற்று உள்ளே போனாலும் பின் சென்சார் குழம்பி, பி0420 வரும். கேஸ்கெட் செலவோடு முடிய வேண்டியதற்குக் கன்வெர்ட்டர் வாங்கியவர்கள் உண்டு.

அடைப்புக்கான சோதனை வேறு. முன் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டுவார்கள். ஐட்லிங்கில் ஒன்றரை பி.எஸ்.ஐ.-க்கும் (அழுத்த அளவு), 2,500 சுற்றில் 3 பி.எஸ்.ஐ.-க்கும் மேலே போனால் வழி அடைத்திருக்கிறது. பிரஷர் கேஜ் இல்லாத பட்டறையில், எஞ்சின் உறிஞ்சும் இழுப்பை அளக்கும் வேக்குவம் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள்: 2,500 சுற்றில் பிடித்து வைத்திருக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் அடைப்பு. இதில் நம் மலைக்கு ஒரு கணக்கு உண்டு. புத்தகத்தில் ஐட்லிங்குக்கு 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) என்று போட்டிருப்பது கடல் மட்டத்துக்கு. குமுளி ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஓர் அங்குலம் குறையும். குமுளியில் 15, 16 காட்டினால் எஞ்சின் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கம்பத்துக்கு இறங்கி வந்து பார்த்தால் சரியாக இருக்கும். அந்த உயரத்தில் டர்போ இல்லாத எந்தப் பெட்ரோல் காருக்கும் பத்தில் ஒரு பங்கு சக்தி குறையத்தான் செய்யும். அதற்கும் உங்கள் வண்டியின் திணறலுக்கும் சம்பந்தம் இல்லை, நீங்கள் சொல்வது அடிவாரத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது.

கல் உருளும் சத்தம்தான் எனக்கு உறுத்துகிறது. எஞ்சின் ஆறிய பிறகு ரப்பர் சுத்தியால் டப்பாவை மெல்லத் தட்டச் சொல்லுங்கள். உள்ளே கலகலவென்றால் கட்டி உடைந்திருக்கிறது. பிறகு சோதனை எதுவும் தேவையில்லை, மாற்றியே ஆக வேண்டும். அதற்கு முன் டப்பாவைச் சுற்றி இருக்கும் வெப்பத் தகட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். தகட்டின் ஒரு போல்ட் துருப்பிடித்துக் கழன்றால் இதே சத்தம் வரும்.

பழைய கார் என்பதால் அடியைப் பார்க்க வண்டியைத் தூக்கும்போது இன்னும் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். டப்பாவின் உடம்பில் கம்பெனி வெல்டிங் இல்லாமல் கையால் வைத்த வெல்டிங் தெரிந்தால், முன்பே யாரோ அறுத்துத் திறந்திருக்கிறார்கள். பின் சென்சாருக்கு அடியில் நட்டு மாதிரி ஒன்றை வைத்து உயர்த்தியிருந்தால் கோடு வராமல் ஏமாற்ற வைத்தது. ஸ்கேனரில் "கோடு அழித்த பிறகு ஓடிய தூரம்" என்று ஒரு தகவல் வரும். விற்பதற்கு முந்தின நாள் விளக்கை அணைத்துக் கொடுத்திருந்தால் வாங்கிய அன்றே இதில் தெரிந்திருக்கும். இனி பழைய கார் வாங்கும் உங்கள் சக ஆசிரியர்களுக்கும் சொல்லுங்கள். வண்டி முதலில் எந்த ஊரில் ஓடியது என்று ஆர்.சி. பார்த்துக் கேளுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆலுவா, சாலக்குடி பக்கம் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. கொதிக்கும் கன்வெர்ட்டர் திடீரென்று தண்ணீரில் மூழ்கினால் பீங்கான் விரிசல் விட்டுவிடும். சென்சார் கனெக்டரில் பச்சைக் களிம்பு, சீட் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல் மண் இவை தெரிந்தால் கன்வெர்ட்டரை விடப் பெரிய கவலைகள் இருக்கின்றன.

சோதனையெல்லாம் முடிந்து, காயிலும் ஆயிலும் சரியான பிறகு மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். இந்த வண்டியை இன்னும் நான்கைந்து வருடம் வைத்திருப்பீர்கள் என்றால் என் ஓட்டு கம்பெனி பாகத்துக்குத்தான். பின் சென்சார் எவ்வளவு காட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குள் எழுதியிருப்பது அந்தப் பூச்சின் அளவுக்குத் தகுந்தபடி. எல்லா வண்டிக்கும் பொருந்துவது என்று வருகிற மலிவானதில் உலோகப் பூச்சு குறைவாக இருக்கும். மாட்டிய புதிதில் விளக்கு அணையும், சில மாதத்தில் பி0420 திரும்பி வரும். 14,000 ரூபாய்க்காரர் பி.எஸ்.4-க்கு ஏற்றது என்று பில்லில் எழுதிக் கொடுத்து, ஒரு வருடத்துக்குள் அதே கோடு வந்தால் மாற்றித் தருகிறேன் என்றும் எழுதினால் யோசிக்கலாம். வாய் வார்த்தை மட்டும் என்றால் வேண்டாம். சென்னை புதுப்பேட்டையில் பழைய கன்வெர்ட்டர் கிடைக்கிறது என்று யாராவது சொல்வார்கள். உள்ளே எவ்வளவு உயிர் இருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாத பொருளைப் பழையதாக வாங்கக் கூடாது.

குடைந்து எடுப்பது பற்றி உங்கள் உறவினரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் பார்த்த வண்டி அடைத்துக்கொண்டதாக இருந்திருக்கும், குடைந்ததும் இழுத்திருக்கும். நல்ல கன்வெர்ட்டர் மாட்டினாலும் அப்படித்தான் இழுக்கும். குடைந்த வண்டியில் விளக்கு நிரந்தரமாக எரியும், அடுத்து உண்மையான கோளாறு வந்தால் தெரியாது. குழாயில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். மழையில் கண்ணாடியை மூடிக்கொண்டு ஓட்டுகிற மலைப் பிரதேசத்தில் இது விளையாட்டில்லை. மாசு அளவை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்குப் போகும்.

மாட்டும் அன்று வண்டியை முந்தின இரவே பட்டறையில் விட்டு, நட்டுகளில் துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊற வைக்கச் சொல்லுங்கள். மழைக்காட்டில் ஓடிய வண்டியில் ஸ்டட் (நட்டு மாட்டும் மரைத் தண்டு) முறிவது சகஜம். முறிந்தால் வேலை ஒரு நாள் கூடும். கேஸ்கெட், நட்டு எல்லாம் புதிது. சிலிக்கான் பேஸ்ட் எதையும் புகைக்குழாய் மூட்டில் தடவக் கூடாது, அது சென்சாரைக் கெடுக்கும். சென்சார் மரையில் தடவும் பசை நுனியில் படக் கூடாது. வெல்டிங் வைக்கிற மாதிரி இருந்தால் முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் போகலாம். டப்பாவில் அம்புக்குறி இருந்தால் அது பின்பக்கம் பார்க்க வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் கொஞ்ச நேரம் புகையும் வாடையும் வரும், பயப்படாதீர்கள்.

கழற்றிய பழைய கன்வெர்ட்டரை பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதில் இருக்கும் உலோகத்துக்காக அதை விலைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சாதாரணக் காயலான் கடைக்காரர் இரும்பு விலைக்குக் கேட்பார், கொடுக்க வேண்டாம். பட்டறைக்காரரே எடுத்துக்கொள்வதாக இருந்தால் கூலியில் கழிக்கச் சொல்லுங்கள்.

வேலை முடியும் வரை ஓட்டலாமா என்றால், விளக்கு நிலையாக எரிகிற வரை, மெதுவாக, ஆள் குறைவாக ஏற்றிக்கொண்டு ஓட்டுங்கள். அடைத்த கன்வெர்ட்டர் சிவக்கச் சிவக்கச் சூடாகும். பள்ளி வளாகத்திலோ தேயிலைத் தோட்ட ஓரத்திலோ காய்ந்த சருகு, புல் மேல் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று: குடியிருப்பது தமிழ்நாட்டில், வண்டி கேரளப் பதிவு. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் பதிவை மாற்றியாக வேண்டும். அதற்கு வண்டி பதிவான கேரள ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். போன ஓணத்திலிருந்து கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். காயிலை மாற்றிப் பார்த்ததில் எந்தக் கோடு வந்தது, இறக்கம் முடிந்து மிதித்தபோது புகை எந்த நிறம் என்று எழுதுங்கள். கம்ப்ரஷன் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.